ஓடுற வண்டிக்கு எதுக்குச் செலவு? பிரேக், ஷாக் அப்சர்வர் எப்போது மாற்ற வேண்டும்



திருத்தணி முருகன் கோயிலுக்குப் படியேறிப் போகாதவர்கள் நம்மில் குறைவு. மொத்தம் 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஏறும்போது மூச்சு வாங்கும். நடுவில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஏறிவிடுவோம். இறங்கும்போது பாருங்கள், மூச்சு வாங்காது, முழங்கால்தான் நடுங்கும். ஒவ்வொரு படியிலும் உடம்பு பாரம் முழுவதையும் முழங்கால்தான் தாங்கி நிறுத்துகிறது.

வண்டிக்கும் இதே கதைதான். மேட்டில் ஏறுவது எஞ்சின் வேலை. இறக்கத்தில் நிறுத்துவது பிரேக் வேலை. பள்ளம் மேட்டில் தூக்கிப் போடாமல் தாங்குவது ஷாக் அப்சர்வர் வேலை. எஞ்சின் கெட்டால் வண்டி கிளம்பாது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுவோம். ஆனால் பிரேக்கும் ஷாக்கும் கெட்டுக்கொண்டே இருக்கும்போதும் வண்டி ஓடும். அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

இன்று நம் குழுக்களில் வண்டி இல்லாத குழு கிடையாது. எக்ஸ்.எல். வண்டியில் பூ மூட்டையும் காய்கறியும் ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் நெசவு வேலைக்கு நூலும் சேலைக் கட்டும் ஏற்றிப் போகிறார்கள். குழுக் கடனில் ஆட்டோவும் குட்டி யானையும் வாங்கிக் கணவரோ மகனோ ஓட்டுகிறார்கள். சில இடங்களில் சகோதரிகளே ஓட்டுகிறார்கள். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியத்தில் ஸ்கூட்டர் வாங்கியவர்களும் உண்டு. அந்த வண்டிகளெல்லாம் இன்று வயசான வண்டிகள். அவற்றின் பிரேக்கை நாம் பார்த்தோமா?

கூட்டத்தில் வருகிற பேச்சு

குழுக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. ஒரு சகோதரி எழுந்து, "அக்கா, வண்டிக்குப் பிரேக்கும் ஷாக்கும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. 2,000 ரூபாய் உள்கடன் வேணும்" என்று கேட்பார். உடனே பக்கத்தில் இருந்து, "ஏம்மா, வண்டி ஓடுதில்ல? ஓடுற வண்டிக்கு எதுக்குச் செலவு? பிரசவச் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் கேட்டவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று பதில் வரும். கேட்ட சகோதரியும், "சரி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுவார்.

கேள்வி கேட்டவரைத் தப்பு சொல்ல முடியாது. மெக்கானிக் சொன்னதெல்லாம் தேவையா, இல்லை செலவு இழுத்துவிடுகிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாததால்தான் இரண்டு பக்கமும் நஷ்டம். சில நேரம் தேவையில்லாததை மாற்றுகிறோம். பல நேரம் மாற்ற வேண்டியதைத் தள்ளிப் போடுகிறோம். எதைப் பார்த்து முடிவு செய்வது என்று தெரிந்துகொண்டால், கூட்டத்தில் தைரியமாகக் கேட்கலாம். கேட்பவருக்குத் தைரியமாகக் கொடுக்கவும் செய்யலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். பிரேக் திடீரென்று ஒரு நாளில் தேய்வதில்லை. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அந்தத் தேய்மானம் தினமும் நம் தலையில் ஏறுகிற கடன் மாதிரி. தவணையில் கட்டினால் சின்னத் தொகை. கட்டாமல் விட்டால் ஒரு நாள் மொத்தமாக வசூல் பண்ணும். அது பணமாகத்தான் இருக்கும் என்று நிச்சயம் இல்லை.

பிரேக் பிடித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

எக்ஸ்.எல்., ஸ்கூட்டர் போன்ற வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவில் டப்பா மாதிரி ஒரு டிரம் இருக்கும். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூ. ஷூவின் மேல் லைனிங் என்ற பட்டை ஒட்டியிருக்கும். நாம் பிடியை அழுத்தினால் கேபிள் இழுக்கும், ஷூக்கள் விரிந்து, லைனிங் டிரம்மில் உரசும், சக்கரம் நிற்கும். டிஸ்க் பிரேக்கில் தட்டு மாதிரி ஒரு டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடு அழுத்திப் பிடிக்கும். ஆட்டோவிலும் குட்டி யானையிலும் மிதியை அமுக்கினால் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டு போகும்.

எல்லாவற்றிலும் நடப்பது உரசல்தான். உரசினால் சூடு வரும். ஒரு கணக்குச் சொல்கிறோம். ஆளும் சரக்குமாகச் சேர்த்து 700 கிலோ எடையுள்ள ஒரு ஆட்டோ, 100 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறது என்று வையுங்கள். அந்த ஒரே இறக்கத்தில் பிரேக்கில் உண்டாகும் சூடு, இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். அத்தனை சூட்டையும் கையளவு லைனிங் சில நிமிடத்தில் தாங்க வேண்டும். நல்ல லைனிங் தாங்கும். தேய்ந்துபோன லைனிங் எப்படித் தாங்கும்?

டிரம் பிரேக்: மாற்றச் சொல்லும் அடையாளங்கள்

1. பிடி ஆழமாகப் போவது. பிரேக் பிடியை அழுத்தினால் முதல் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை சும்மா வரலாம். அதற்கு மேல் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். பிடி கைப்பிடியில் வந்து முட்டுகிற மாதிரி இருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

2. டைட் பண்ணப் பண்ண லூசாவது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் பிரேக் நட்டை இரண்டு சுற்று திருகினால் பிடி மறுபடி டைட் ஆகிவிடும். "பிரேக் சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடுவோம். சரியானது கேபிள் மட்டும்தான். லைனிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். மாதத்துக்கு ஒரு தரம் திருகியது வாரத்துக்கு ஒரு தரமாகிவிட்டால், அல்லது நட்டு மரையின் கடைசிக்கு வந்துவிட்டால், ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

3. அம்புக்குறி. பல வண்டிகளில் சக்கரத்துப் பக்கம் பிரேக் கை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறியும், தட்டில் ஒரு கோடும் இருக்கும். ஒருவர் பிரேக்கை முழுக்கப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பாருங்கள். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் லைனிங் முடிந்தது. மெக்கானிக் வேண்டாம், படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

4. லைனிங் கனம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். அளவுகோல் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைனிங் அந்தக் கனத்துக்கு இறங்கியிருந்தால் யோசிக்க வேண்டாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

5. சத்தம். மழை பெய்த மறுநாள் காலையில் கொஞ்சம் கீச்சென்று கேட்டு, பிறகு அடங்கினால் பயமில்லை. தினமும் 'கர் கர்' என்று இரும்போடு இரும்பு தேய்க்கிற சத்தம் கேட்டால் லைனிங் போய், ஷூவின் உலோகமே டிரம்மைச் சுரண்டுகிறது என்று அர்த்தம்.

இந்த ஐந்தாவது நிலைக்கு வரும் முன்பே மாற்றினால் ஷூ செலவோடு போகும். அது சில நூறு ரூபாய். டிரம்மில் கோடு விழுந்துவிட்டால் டிரம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும். பல இருசக்கர வண்டிகளில் டிரம், சக்கரத்தோடு சேர்ந்தே வருவதால் செலவு பல மடங்கு ஆகும். ஆக, "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று தள்ளிப் போடுவது மிச்சம் இல்லை.

டிஸ்க் பிரேக்கும் ஆயில் பிரேக்கும்

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பேடில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு மறைந்துவிட்டால் பேடு மாற்ற வேண்டும். டிஸ்க்கில் விரலால் தடவினால் ஓரத்தில் வரப்பு மாதிரி தட்டுப்பட்டால், டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வண்டி ஓடி வந்தவுடன் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

ஆட்டோ, குட்டி யானை வைத்திருப்பவர்கள் மிதியைக் கவனியுங்கள்.

மிதி முன்னைவிட ஆழமாகப் போனால் லைனிங் தேய்ந்திருக்கலாம். பஞ்சு மாதிரி மெத்தென்று போனால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அமுக்கிப் பிடித்தபடி இருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கோளாறு. அந்த வண்டியில் ஆளை ஏற்றவே கூடாது. இரண்டு மூன்று தரம் அடித்தால்தான் பிடிக்கிறது என்றாலும் அப்படித்தான். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தில் லைனிங் தேய்ந்தோ எண்ணெய் பட்டோ இருக்கலாம்.

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். ஒன்று பேடு தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ ஒழுகும். இரண்டுமே கவனிக்க வேண்டியவை. எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ அதில் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதி வீணாகிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து வைத்த உப்பு மாதிரி. டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி வரும். மிதியை அமுக்கினால் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்கிற பல விபத்துகளின் கதை இதுதான். அதனால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

ஷாக் அப்சர்வர் சொகுசுக்கு மட்டும் இல்லை

"முதுகு வலிக்குது, அதனால் ஷாக் மாத்தணும்" என்றுதான் நினைக்கிறோம். முதுகு வலி உண்மைதான். ஆனால் ஷாக்கின் முக்கிய வேலை வேறு. டயரைத் தரையோடு ஒட்ட வைப்பதுதான் அது.

ஷாக்கில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று ஸ்பிரிங், அது பாரத்தைத் தாங்கும். இன்னொன்று உள்ளே ஆயில் நிறைந்த குழாய். அது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். ஆயில் ஒழுகிப் போய்விட்டால் ஸ்பிரிங் மட்டும் மிச்சம். வண்டி பந்து மாதிரி துள்ளும். துள்ளுகிற டயர் ஒவ்வொரு துள்ளலிலும் தரையை விட்டு எழும்பும். தரையில் இல்லாத டயரில் எவ்வளவு நல்ல பிரேக் பிடித்தும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் பிரேக்கையும் ஷாக்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறோம்.

கெட்டுப்போன ஷாக்கை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

அமுக்கிப் பார்ப்பது. வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து அடங்கி நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் ஆடினால் ஆயில் போய்விட்டது. முன்பக்கத்துக்கு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள்.

எண்ணெய்க் கசிவு. ஷாக் குழாயின் மேல் ஈரமாக, புழுதி ஒட்டிக் கறுப்பாகப் பிசுக்கு இருக்கிறதா? சீல் போய்விட்டது. முன் ஃபோர்க்கில் ஒழுகுகிற ஆயில் கீழே இறங்கி முன் பிரேக்கில் பட்டால் அந்தப் பிரேக்கும் வழுக்கும்.

டயர் தேய்மானம். டயர் ஒரே சீராகத் தேயாமல் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் டயர் துள்ளுகிறது என்று அர்த்தம். புது டயர் போடுவதற்கு முன் ஷாக்கைப் பாருங்கள். இல்லாவிட்டால் புது டயரும் அதே கதிதான்.

முட்டுகிற சத்தம். சின்னப் பள்ளத்திலேயே 'டக்' என்று அடியில் முட்டினால், அல்லது பிரேக் பிடித்தவுடன் வண்டியின் மூக்கு குப்புறப் போனால் ஷாக் பலவீனமாகிவிட்டது. சத்தம் மட்டும்தான், ஆட்டம் இல்லை என்றால் முதலில் ரப்பர் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். அது மலிவு. புஷ் போனதற்கு ஷாக் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

பின் ஷாக் இரண்டு உள்ள வண்டியில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு கால் புதுச் செருப்பு, ஒரு கால் தேய்ந்த செருப்பு போட்டு நடந்த மாதிரி வண்டி ஒரு பக்கம் சாயும்.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதுதான் ஷாக்குக்கு முதல் எதிரி. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஏற்றினால் ஷாக், டயர், பிரேக் மூன்றும் சேர்ந்து போகும். கூட ஏற்றிய இரண்டு பேரின் சத்தம் பணம் அங்கேயே கரைந்துவிடும்.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும். எதிரே குழந்தை ஓடி வருவதைப் பார்த்து, நாம் பிரேக்கில் கை வைக்கவே ஒரு நொடி ஆகிவிடும். அதற்குள் 11 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு, காய்ந்த தார் ரோட்டில் நல்ல பிரேக் உள்ள வண்டி நிற்க ஏறக்குறைய 12 மீட்டர் ஆகும். பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்திருந்தால் 24 மீட்டர் ஆகும். அந்த 12 மீட்டர் வித்தியாசம் ஒரு தெருவில் இரண்டு மூன்று வீட்டு வாசல் தூரம். அந்த வாசல்களில் யார் விளையாடுகிறார்கள்?

வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். இதையும் ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நம்மில் பலர் பயந்துகொண்டு பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறோம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும். இரண்டையும் சேர்த்து, மெதுவாக ஆரம்பித்து அழுத்தமாகப் பிடிக்கப் பழகுங்கள். மணலிலும் ஈரத்திலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்க வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சி.சி. வரையிலான புது இருசக்கர வண்டிகளில், ஒரு பிடியை அழுத்தினாலே இரண்டு சக்கரமும் பிடிக்கும் வசதியாவது, சக்கரம் இறுகிப் போகாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஆவது கட்டாயம் இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து பிடிக்கும் வண்டியில் இரண்டு பக்க லைனிங்கையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

தர்மபுரி – சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதி உயிர்கள் போயின. அந்த நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க லாரிகளை நியூட்ரலில் இறக்குவதும், அதனால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவதும் அங்கு விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று அதிகாரிகள் சொல்லி வருகிறார்கள். நீலகிரியில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேயும் சின்ன கியரில்தான் இறங்க வேண்டும்.

நம் திருத்தணி மலைப்பாதை அவ்வளவு நீளம் இல்லைதான். ஆனால் ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காவடிகள் வந்து குவியும்போது, ஒரு ஆட்டோ ஒரே நாளில் எத்தனை நடை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். நடை நடையாகப் பிரேக் சூடாகிறது. ஆறுவதற்கு நேரம் இல்லை. முன்னும் பின்னும் ஜனக்கூட்டம். தொப்பூரில் நடப்பது இங்கே நடக்க இறக்கத்தின் நீளம் தேவையில்லை.

ஆகவே இதைப் பழக்கமாக்குங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். நியூட்ரல் போடாதீர்கள், சாவியை அணைக்காதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரும் எக்ஸ்.எல்.லும் ஓட்டுபவர்கள் தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்குங்கள்; பிரேக்கைப் பிடித்தபடியே இராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். எரிந்த வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, பிரேக் தானாக ஆறும் வரை காத்திருங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விழும்.

மெக்கானிக் கடையில்

நாம் கேட்டால் தப்பா நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல மெக்கானிக் கேள்வி கேட்கிறவரை மதிப்பார். "அண்ணே, கழட்டின ஷூவைக் காட்டுங்க. எவ்வளவு தேய்ஞ்சிருக்கு? டிரம்முல கோடு இருக்கா? பழைய சாமானைக் கையில குடுத்துடுங்க" என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். கம்பெனி உதிரிபாகம்தானா என்று அட்டைப் பெட்டியைப் பாருங்கள். மலிவுப் போலி லைனிங் சூட்டில் ஒட்டு விட்டுப் பெயர்ந்துவிடலாம்.

சோளிங்கர் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும், பிரேக்ஸ் இந்தியா கம்பெனியின் வார்ப்பட ஆலை அங்கேதான் இருக்கிறது. பிரேக்குக்கான இரும்பை நம் பக்கத்திலேயே வார்க்கிறார்கள். நம் வண்டியில் மட்டும் தேய்ந்த பிரேக் எதற்கு?

புது ஷூ போட்டவுடன் முழுப் பிடி வராது. லைனிங் டிரம்மில் உட்காரச் சில நாள் ஆகும். அதுவரை வேகமும் பாரமும் குறைவாக இருக்கட்டும்.

டிரம்மில் இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. சில லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்து நோய் வரும். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். குழந்தையைப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம்.

வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி. கிடைத்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்குப் பிரேக் நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அது பொறுப்பாகாது.

குழுவாக என்ன செய்யலாம்?

வண்டிக் கடன் கொடுக்கும்போது தவணையை மட்டும் கணக்குப் போடுகிறோம். தேய்மானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் 10 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் மாதம் 300, வருடத்துக்கு 3,600 ரூபாய் சேரும். எக்ஸ்.எல்., ஸ்கூட்டர் வண்டிக்கு ஷூவுக்கும் கேபிளுக்கும் அவசரத்துக்குக் கை கொடுக்கும். ஆட்டோ வைத்திருப்பவர்கள் இன்னும் கூட்டி வைக்கலாம். இதைச் சேமிப்போடு சேர்த்து வாராவாரம் எழுதி வைத்தால் உள்கடன் கேட்க வேண்டிய தேவையே குறையும்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் ஒரு கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம்: ஆடிக் கிருத்திகைக்கு முன் ஒரு தரம், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரம், குழுக் கடனில் வாங்கிய எல்லா வண்டிக்கும் பிரேக், ஷாக் பார்த்துவிட வேண்டும். பிரேக்குக்காகக் கேட்கும் உள்கடன் மருத்துவச் செலவு மாதிரி அவசரக் கடனாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்குப் பதில் இன்றைக்கு மெக்கானிக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

காலையில் இரண்டு நிமிடம்

வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு இதையும் பாருங்கள்:

• இரண்டு பிரேக் பிடியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கைப்பிடியில் முட்டக் கூடாது.
• பிடியை விட்டவுடன் அது தானாகத் திரும்ப வேண்டும். கேபிளில் பிசிறு இருக்கக் கூடாது.
• வண்டியைத் தள்ளிக்கொண்டு பிரேக் பிடித்தால் உடனே நிற்க வேண்டும்.
• பின்பக்கத்தை அமுக்கி விட்டால் ஆடாமல் அடங்க வேண்டும்.
• ஷாக், ஃபோர்க், சக்கரம் பக்கம் எண்ணெய் ஈரம் இருக்கக் கூடாது.
• ஆட்டோவாக இருந்தால் பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மிதியை அமுக்கிப் பிடித்து பத்து எண்ணுங்கள். கீழே இறங்கக் கூடாது.
• தண்ணீரில் இறங்கி வந்தால் மெதுவாக ஓட்டியபடி லேசாகப் பிரேக் பிடித்துக் காய வையுங்கள்.

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்குச் சவாரியும் சந்தையும் கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் யாராவது பிரேக்குக்குக் கடன் கேட்டால், "ஓடுற வண்டிக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்காதீர்கள். "அம்பு கோட்டைத் தொட்டுடுச்சா? அமுக்கினா ஆடுதா?" என்று கேளுங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அன்றைக்கே பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். வண்டி ஓடினால் வருமானம். நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்தான் அந்த வருமானம் வீடு வந்து சேரும்.